பரீட்சைத் தாளில் கையெழுத்து புரியவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

மாலை நேரத்தில் பாடம் சொல்லிக்கொடுத்து, வாராவாரம் டெஸ்ட் பேப்பர் திருத்துவது என் வேலை. "இவன் கையெழுத்து மோசம், ஏதாவது பண்ணுங்க" என்று கொண்டுவந்து நிறுத்தப்படும் பிள்ளைகளில், எழுத்து முழுக்கவே மோசமாக இருப்பவர்கள் ரொம்பக் குறைவு. பெரும்பாலும் நாலைந்து எழுத்துகள், அல்லது இடைவெளி, அல்லது பரீட்சையின் கடைசி அரைமணி நேரம் என்று ஏதோ ஒன்றுதான் கெட்டிருக்கும், அது மொத்தத் தாளையும் கிறுக்கலாகக் காட்டிவிடும். எது கெட்டிருக்கிறது என்று பார்க்காமல் இரட்டைக்கோடு நோட்டு வாங்கிக் கொடுத்து ஒரு பக்கம் எழுது, ரெண்டு பக்கம் எழுது என்று உட்காரவைப்பதில் பிள்ளைக்குக் கைவலிதான் மிச்சம்.

கையெழுத்து நன்றாக இருந்தால் தலையெழுத்து நன்றாக இருக்காது என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் போகட்டும். அழகாக எழுதவைப்பது இங்கே நோக்கமும் இல்லை. திருத்துகிறவர் எங்கும் நிற்காமல் வாசித்துக்கொண்டே போக வேண்டும், அது போதும்.

## முதலில் இந்தச் சோதனை

பிள்ளைக்கு நன்றாக மனப்பாடமான நாலு வரியை எடுத்துக்கொள்ளுங்கள், யோசிக்கவே தேவையில்லாத ஏதாவது ஒரு செய்யுள் போதும். அதை மூன்று தடவை எழுதச் சொல்லுங்கள். முதல் தடவை எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும், அடுத்தது வழக்கமான வேகத்தில், கடைசியாகப் பரீட்சை வேகத்தில். கூடவே பழைய விடைத்தாள் ஒன்றையும் எடுத்துப் பக்கத்தில் வையுங்கள்.

மூன்றும் நன்றாக இருந்து விடைத்தாள் மட்டும் மோசம் என்றால் கோளாறு எழுத்தில் இல்லை, நேரத்திலோ களைப்பிலோ இருக்கிறது. "கடைசிப் பக்கம்" என்ற பகுதிக்குப் போங்கள்.

மெதுவாக எழுதியது தெளிவு, வேகமாக எழுதியது மட்டும் குழப்பம் என்றால் "வேறு எழுத்தாகப் படிக்கப்படுகிறது" பகுதி, அப்புறம் வேகம் பற்றிய பகுதி.

மெதுவாக எழுதியதே வாசிக்க முடியவில்லை என்றால் உட்காரும் விதம், பேனா, தாள் வைக்கும் கோணம் இவற்றை ஒருதரம் பார்த்துவிட்டு நேராகக் கடைசிப் பகுதிக்கு வந்துவிடுங்கள். மாதக்கணக்கில் நோட்டு நோட்டாக எழுதவைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வரலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

## முதல் பக்கம் முத்து முத்தாக, கடைசிப் பக்கம் வாசிக்கவே முடியவில்லை

அதிகம் வருவது இதுதான்.

அழுத்தம். எழுதிய தாளைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்து மேடு மேடாகத் தட்டுப்பட்டால் பிள்ளை தேவைக்கு மேல் அழுத்துகிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது நகத்தைப் பாருங்கள், வெளுத்துப்போயிருக்கும். இன்னொரு சோதனையும் உண்டு. எழுதும்போதே பேனாவின் மேல் முனையைப் பிடித்து மெதுவாக இழுங்கள், லேசாகக்கூட அசையவில்லை என்றால் பிடி இறுக்கம். இப்படி அழுத்துகிற கை ஒரு மணி நேரம் தாங்கும், அப்புறம் தாங்காது.

முதலில் பேனாவை மாற்றிப் பாருங்கள், சில்லறைச் செலவுதான். பால்பாயிண்ட் பேனா எழுத அழுத்தம் கேட்கும், ஜெல் பேனாவுக்கு அவ்வளவு வேண்டாம். ஒல்லிப் பேனாவை விடக் கொஞ்சம் தடிமனான பேனாவில் பிடி தானாகத் தளரும். ஒற்றைத் தாளை வெறும் அட்டைமேல் வைத்து எழுதுவதை விட, அடியில் ஏழெட்டுத் தாள் இருந்தால் பேனா வழுக்காமல் ஓடும், அழுத்தமும் குறையும். அப்புறம் பழக்கம்: மைக்கோடு வெளிறித் தெரிகிற அளவுக்கு வேண்டுமென்றே லேசாக எழுதச் சொல்லுங்கள், பிறகு வாசிக்கிற அளவுக்கு மட்டும் கூட்டச் சொல்லுங்கள். சொடுக்கி எழுதும் மெக்கானிக்கல் பென்சில் இதற்கு நல்ல வாத்தியார். அழுத்தினால் முனை ஒடிந்துவிடும், நாம் திட்ட வேண்டியதில்லை.

பழக்கமின்மை. பின்பக்கம் மேடு இல்லை, பிடியும் தளர்வுதான் என்றால், இந்தப் பிள்ளை தொடர்ந்து எவ்வளவு நேரம் எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். வீட்டில் எல்லாமே படிப்பு, எழுதுவது பரீட்சைக்கு மட்டும் என்றால் கை எப்படித் தாங்கும்? முழுப் பரீட்சை நேரத்துக்கும் உட்கார்ந்து எழுதும் மாதிரித் தேர்வுகள்தான் மருந்து. முதலில் நாற்பது நிமிடம், பிறகு ஒரு மணி, இப்படிக் கூட்டிக்கொண்டே போகலாம். பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் இதைச் செய்யாதீர்கள், கை வலியோடு போய் உட்காரும்.

நேரக் கணக்கு. கடைசிப் பக்கத்தில் எந்தக் கேள்வி இருக்கிறது என்று பாருங்கள். நெடுவினாவாக இருந்தால் பிள்ளை சின்னக் கேள்விகளுக்கு நேரத்தைக் கொட்டிவிட்டு இதற்கு ஓடியிருக்கிறது. இதைக் கையெழுத்துக் கோளாறாகவே நான் எடுப்பதில்லை. இரண்டு மார்க் கேள்விக்கு முக்கால் பக்கம் எழுதுகிற பிள்ளையிடம் "அழகா எழுது" என்று சொல்லிப் பயனில்லை, "குறைவா எழுது" என்று சொல்ல வேண்டும்.

## வேறு எழுத்தாகப் படிக்கப்படுகிறது

விடைத்தாளை நீங்களே படித்துப் பார்க்காதீர்கள், உங்கள் கண்ணுக்கு அந்த எழுத்து பழகிவிட்டது. பாடம் தெரியாத ஒருவரிடம் கொடுத்துச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். அவர் தடுக்கிற இடத்தில் எல்லாம் பென்சிலால் அடிக்கோடு போடுங்கள். இரண்டு பக்கம் முடிவதற்குள் தெரிந்துவிடும், தடுக்கிறது எல்லாம் திரும்பத் திரும்ப அதே எழுத்துகளாகத்தான் இருக்கும். தமிழில் வழக்கமாக மாட்டுகிறவை இவை:

ர-வும் துணைக்காலும். ர-வின் அடியில் வரும் சாய்கோட்டை வேகத்தில் விட்டுவிடுகிறார்கள். "பரதம்" உடனே "பாதம்" ஆகிவிடுகிறது. மற்ற இடங்களில் திருத்துகிறவர் ஊகித்துக்கொள்வார், இங்கே ஊகிக்க வழியே இல்லை, இரண்டும் சொல்தான். அடிக்கோட்டைக் கோட்டுக்குக் கீழே நன்றாக இழுத்துவிடச் சொல்லுங்கள், கொஞ்சம் மிகையாக இருந்தாலும் பரவாயில்லை.

புள்ளி. வரி முழுக்க எழுதிவிட்டுக் கடைசியில் மொத்தமாகப் புள்ளி தூவுகிற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. அதில் பாதி பக்கத்து எழுத்தின் தலையில் விழும், மீதி விழவே விழாது. "பல் வகைகள்" என்று எழுதியது "பல வகைகள்" ஆனால் விடையே மாறிப்போகிறது. ஒவ்வொரு வார்த்தை முடிந்ததும் அதற்கான புள்ளியை வைத்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை. ஒரு வாரத்தில் பழகிவிடும்.

சுழிகள். மூன்று சுழி ண வேகத்தில் ஒரு சுழியைத் தொலைத்துவிட்டு ன ஆகிறது, "பணி" "பனி"யாகிறது. ன-வின் கடைசிக் கால் வளைந்தால் ள, "அவன்" "அவள்" ஆகிவிடுவான். சுழியைப் பெரிதாக்கச் சொன்னால் பிள்ளைகள் எல்லா எழுத்தையும் பெரிதாக்கிவிடுவார்கள். அப்படிச் சொல்வதை விட, ண எழுதும்போது மட்டும் மனசுக்குள் ஒன்று, ரெண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வது வேலை செய்கிறது.

குறிலும் நெடிலும். எடு–ஏடு, கொடு–கோடு, விடு–வீடு. ஏ-வின் கீழ்க்கோடு, இரட்டைக்கொம்பின் மேல்சுழி, ஈகாரத்தின் மேல்சுழி, இந்த மூன்றும் விட்டுப்போகும் உறுப்புகள். இதில் வேடிக்கை, திருத்துகிறவர் இதைக் கையெழுத்துப் பிழை என்று நினைக்கமாட்டார், எழுத்துப்பிழை என்றே எடுத்துக்கொள்வார்.

ஆங்கிலத் தாளிலும் இதே கதைதான். சின்ன ஏ-வின் வாயை மூடாவிட்டால் யூ, டீ-க்குக் குறுக்குக்கோடு இல்லாவிட்டால் எல், ஆர்-உம் என்-உம் ஒட்டிக்கொண்டால் எம்.

சரிசெய்யும் விதம்: மாட்டிய எழுத்துகளில் ஒன்றை மட்டும் எடுங்கள். அதைத் தனியாக ஒரு பக்கம் எழுதவைக்க வேண்டாம், மூன்றாவது வரியிலேயே பிள்ளையின் கவனம் போய்விடும். அந்த எழுத்து வருகிற பாடச் சொற்கள் பத்தைப் பரீட்சை வேகத்தில் எழுதவையுங்கள், தினம் பத்து நிமிடம் போதும். வெளியாள் ஒருவர் தடுக்காமல் படித்ததும் அடுத்த எழுத்து.

சரியாகவில்லை என்றால் தாளைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுக் கையைப் பாருங்கள். ஒரே எழுத்தை ஒருதரம் மேலிருந்தும் இன்னொரு தரம் கீழிருந்தும் தொடங்கினால், அந்த எழுத்து வேகத்தில் ஒருபோதும் ஒரே மாதிரி வராது. எங்கே தொடங்குவது என்று ஒன்றை முடிவுசெய்து அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு இது கொஞ்சம் சலிப்பான வேலை, திட்டாமல் செய்தால் நடக்கும்.

இரட்டைக்கோடு, நாலுகோடு நோட்டுகள் எழுத்தின் அளவு ஏறி இறங்குகிறவர்களுக்கு மட்டும் உதவும். மற்றவர்கள் அந்த நோட்டில் பிரமாதமாக எழுதிவிட்டு வெள்ளைத் தாளில் பழைய கையெழுத்துக்கே திரும்பிவிடுகிறார்கள்.

## மெதுவாக எழுதினால் நன்றாக இருக்கிறது, வேகம் கூடினால் எல்லாமே குழம்புகிறது

எழுத்துகளைச் சரிசெய்த பிறகும் இப்படி இருந்தால், பிள்ளை யோசித்துக்கொண்டே எழுதுகிறதா என்று பாருங்கள். மனப்பாட வரியை வேகமாக எழுதியது தெளிவாக இருந்து, சொந்தமாக எழுதும் விடை மட்டும் குழம்பினால் பாடம் பதியவில்லை என்று அர்த்தம். அங்கே படிப்பைத்தான் கவனிக்க வேண்டும்.

மனப்பாட வரியே குழம்புகிறது என்றால், அந்தக் கைக்கு ஒரு எல்லை வேகம் இருக்கிறது. அதைக் கண்டுபிடியுங்கள். கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தைக் கூட்டிக்கொண்டே வந்து, வெளியாள் தடுக்க ஆரம்பிக்கிற இடத்துக்கு ஒரு படி கீழே நில்லுங்கள். அந்த வேகத்தில் பத்து நிமிடத்தில் எத்தனை வரி வருகிறது என்று எண்ணுங்கள். மொத்தப் பரீட்சை நேரத்தில் கேள்வித்தாள் படிக்கவும் கடைசியில் சரிபார்க்கவும் ஆகும் நேரத்தைக் கழித்துவிட்டுப் பெருக்கினால், இந்தப் பிள்ளையால் வாசிக்கும்படி எழுத முடிகிற மொத்த வரிகள் கிடைக்கும். அதை மதிப்பெண்களுக்குப் பங்கிடுங்கள். ஐந்து மார்க்குக்குப் பதினைந்து வரிதான் கணக்கு என்றால் விடையைப் பதினைந்து வரியில் தயார்செய்ய வேண்டும். பக்கம் பக்கமாக எழுதினால்தான் மார்க் என்ற நம்பிக்கை போகவே போகாது, ஆனால் வாசிக்க முடியாத பக்கத்துக்கு யார் மார்க் போடுவார்கள்?

## வரி மேலே ஏறுகிறது, அல்லது கீழே சரிகிறது

கோடு போடாத தாளில்தான் இது தெரியும். வழக்கமாக எழுதுகிறபடியே கையை வைத்துக்கொண்டு, தாளின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். வில்லாக வளைந்தால் காரணம் இதுதான்: கையை ஓரிடத்தில் ஊன்றிக்கொண்டு மணிக்கட்டால் மட்டும் எழுதுகிறது. முன்கை மொத்தமும் மேசைமேல் நகர வேண்டும்.

தாளை நேராக வைக்காமல் சாய்த்து வைக்கச் சொல்லுங்கள். வலக்கைக்காரர்களுக்குத் தாளின் தலை இடப்பக்கம் சாயட்டும், இடக்கைக்காரர்களுக்கு வலப்பக்கம். எழுதாத கை தாளைப் பிடித்திருக்க வேண்டும், பாதிப் பேர் அந்தக் கையில் தலையைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். பக்கத்தின் கடைசி நாலு வரி மட்டும் கோணுகிறதா? கை தாளை விட்டுக் கீழே இறங்கிவிட்டது. கையை இறக்காமல் தாளை மேலே தள்ள வேண்டும்.

நாற்காலியையும் பாருங்கள். பாதம் தரையில் பதியாமல் தொங்குகிற, மேசை மார்பு உயரத்துக்கு வருகிற பிள்ளைக்கு வரி நேராக வராது. வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு எழுதிப் பழகிவிட்டுப் பரீட்சையில் பெஞ்சில் உட்காருகிறவர்களுக்கும் இதே கதி.

## எழுத்து தெளிவுதான், ஆனால் பக்கம் நெரிசலாக இருக்கிறது

சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் ஓரெழுத்து அளவு இடம் விடுவது, ஒரு விடைக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வரி விடுவது, கேள்வி எண்ணை மார்ஜினுக்கு வெளியே தனியாக எழுதுவது. ஒரே நாளில் பழகக்கூடியது, அன்றைக்கே பலன் தெரிவதும் இதுதான். தாளை மிச்சம்பிடிக்கச் சொல்லி வளர்த்த பிள்ளைகள்தான் நெருக்கி எழுதுவார்கள், பரீட்சைக்கு மட்டும் அந்தச் சிக்கனம் வேண்டாம் என்று நீங்களே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள்.

## மை இழுகுகிறது, பின்பக்கம் தெரிகிறது

இடக்கைக்காரப் பிள்ளையாக இருந்தால் எழுதிய இடத்தின் மேலேயே கை போகும். சீக்கிரம் காய்கிற மை, பேனாவை நுனியிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடிப்பது, மேலே சொன்னபடி தாளைச் சாய்த்துக் கையை வரிக்குக் கீழே வைத்துக்கொள்வது, இவை மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். உள்ளங்கை வியர்க்கிறவர்கள் கைக்குட்டையைக் கைக்கடியில் வைத்து எழுதலாம்.

மெல்லிய தாளில் ஜெல் மை பின்பக்கம் ஊறினால் நுனி சன்னமான பேனா, அல்லது பால்பாயிண்ட். எந்தப் பேனாவாக இருந்தாலும் பரீட்சை அன்றைக்குப் புதிதாகப் பிரித்து எடுத்துப்போகக் கூடாது, நாலு பக்கமாவது எழுதிப் பழகியிருக்க வேண்டும்.

## கணக்கில் மட்டும் மதிப்பெண் போகிறது

1-உம் 7-உம், 4-உம் 9-உம், 0-உம் 6-உம். பிள்ளையே தான் எழுதிய 7-ஐ அடுத்த வரியில் 1 என்று எடுத்துக் கூட்டியிருக்கும், விடைத்தாளில் தேடினால் கிடைக்கும். 7-க்கு நடுவில் சின்னக் குறுக்குக்கோடு, 4-க்கு மேல்வாய் திறந்தே, 9-க்கு மூடிய வட்டம். கழித்தல் குறியை நீளமாக இழுக்கட்டும், புள்ளியாகச் சுருங்கினால் தசமப் புள்ளியாகிவிடும். அடுக்குகளை எண்ணின் தோளுக்கு மேலே, சின்னதாக எழுத வேண்டும், பக்கத்தில் எழுதினால் x-இன் வர்க்கம் x2 ஆகி, அடுத்த வரியில் 2x ஆகிவிடும்.

ஒரு வரியில் ஒரு படி மட்டும், சமன்குறிகள் ஒன்றின்கீழ் ஒன்றாக. பயிற்சிக்குக் கட்டம் போட்ட நோட்டு நல்லது.

இத்தனைக்கும் பிறகு ஒன்றின்கீழ் ஒன்றாக எண்கள் நேராக நிற்கவில்லை, எண்ணையே இடம் மாற்றிப் படிக்கிறது என்றால் கண் பரிசோதனையிலிருந்து தொடங்குங்கள்.

## அடித்தல் திருத்தல் தாளை நாசமாக்குகிறது

எழுதியதன் மேலேயே அழுத்தி எழுதித் திருத்துவது மிகக் கெட்ட பழக்கம், அதுவும் ஒரு மார்க் கேள்வியில். அ-வை ஆ ஆக்கினாரா, ஆ-வை அ ஆக்கினாரா என்று யாரும் ஆராயமாட்டார்கள். ஒரே ஒரு நேர்க்கோட்டால் அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிதாக எழுத வேண்டும். விட்டுப்போன பத்தி நினைவுக்கு வந்தால் வரிகளுக்கு நடுவே நுழைக்காமல், அந்த விடையின் கீழே விட்ட இரண்டு வரியில் எழுதட்டும். இடம் விடச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

## இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது

எழுத்து வடிவத்தில் கைவைக்காதீர்கள். பேனா பிடிக்கும் விதத்தை இப்போது மாற்றவே வேண்டாம். பழகிய பேனா, நிறைய இடம், புள்ளி, அடித்தல் முறை, இவை நாலும் போதும். பிறகு எங்கே வேகத்தைக் குறைப்பது என்று சொல்லிக்கொடுங்கள்: கேள்வி எண், ஒவ்வொரு விடையின் முதல் வாக்கியம், கலைச்சொற்கள், கணக்கின் இறுதி விடை. இந்த நாலு இடத்தில் தெளிவாக இருந்தால் நடுவில் கொஞ்சம் ஓடினாலும் திருத்துகிறவர் பிடித்துக்கொள்வார். கேள்வி எண் புரியாவிட்டால் மட்டும் அத்தனையும் வீண். நேரம் போதாது என்று தெரிந்துவிட்டால் பத்தியாக எழுதுவதை விட்டுக் குறிப்புக் குறிப்பாக, ஒரு வரிக்கு ஒன்றாக எழுதட்டும். விரல் பிடித்துக்கொண்டால் பேனாவைக் கீழே வைத்து, கையைத் தொங்கவிட்டு, விரல்களை இரண்டு மூன்று தரம் விரித்து மூடிவிட்டுத் தொடரலாம்.

## எப்போது வெளியே காட்ட வேண்டும்

முதலில் கண். தலையைத் தாளோடு ஒட்டிக்கொண்டு எழுதுவது, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்ப்பது, கரும்பலகையிலிருந்து எழுதும்போது வரியை விடுவது, இதில் எதைப் பார்த்தாலும் கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். இதில்தான் செலவு குறைவு, ஆனால் பலர் கடைசியாக வைத்துக்கொள்கிறார்கள்.

எழுதி முடித்து வெகுநேரம் ஆகியும் வலி போகவில்லை, விரல் மரத்துப்போகிறது, கை நடுங்குகிறது, அல்லது இதுவரை நன்றாக எழுதிக்கொண்டிருந்த பிள்ளையின் எழுத்து திடீரென்று கெட்டுவிட்டது என்றால், பயிற்சி எதுவும் வேண்டாம், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாயால் கேட்டால் விடையைக் கடகடவென்று சொல்கிறது, எழுதச் சொன்னால் இரண்டு வரிக்கு மேல் வரவில்லை. மெதுவாக எழுதினாலும் எழுத்து நிற்கவில்லை. பட்டன் போடுவது, ஷூ கயிறு கட்டுவது, கத்தரிக்கோல் பிடிப்பது இவையும் தகராறு. எட்டு வயது தாண்டியும் எழுத்துகளைத் திருப்பிப் போடுகிறது. இவற்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை சேர்ந்திருந்தால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டையோ (எழுதுவது, பட்டன் போடுவது போன்ற அன்றாடக் கைவேலைகளுக்குப் பயிற்சி தருகிறவர்) குழந்தைகள் வளர்ச்சி மருத்துவரையோ பாருங்கள். டிஸ்கிராஃபியா என்று ஒன்று உண்டு, எழுதுவதில் வருகிற கற்றல் குறைபாடு. சோம்பேறித்தனமும் இல்லை, புத்திக்குறைவும் இல்லை. அதுதானா என்று அவர்கள் பரிசோதித்துச் சொல்ல வேண்டும், நீங்களோ நானோ முத்திரை குத்தக் கூடாது. போகும்போது அந்த மூன்று வேக மாதிரியையும் இரண்டு பழைய விடைத்தாள்களையும் எடுத்துப்போங்கள். வித்தியாசமாகப் பிடித்தாலும் வலியில்லாமல் வேகமாக எழுதுகிற பிள்ளையை, பிடியை மாற்றுவதற்காக மட்டும் அங்கே இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை.

சான்றிதழ் கிடைத்தால் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித்தர ஸ்க்ரைப் போன்ற சலுகைகளைப் பல தேர்வு வாரியங்கள் தருகின்றன. ஆனால் பரீட்சை நெருங்கும்போது கேட்டால் நடக்காது, கல்வியாண்டு தொடங்கியதுமே பள்ளியில் விசாரித்து விண்ணப்பித்துவிட வேண்டும். ஸ்க்ரைப் கிடைத்துவிட்டது என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடவும் கூடாது, ஏனென்றால் சொல்லி எழுதவைப்பதற்கும் பயிற்சி வேண்டும். எழுதுகிறவர் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்வது, பத்தி எங்கே பிரிகிறது என்று சொல்வது, கணக்கில் "அடுத்த வரி, சமன்குறிக்கு நேர்கீழே" என்று சொல்வது, இவற்றை நீங்களே பேனா பிடித்து எதிரில் உட்கார்ந்து சில மாதிரித் தேர்வுகளிலாவது பழக்கிவிடுங்கள்.